டோக்கன் நாப்பத்தேழு, கடைமடை

வா மருமகனே, வா. செருப்பை ஏன்டா அப்படி வீசுற? அது என்ன பண்ணுச்சு பாவம்? அதுவும் ஒன்னோட சேர்ந்துதான நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கெடந்துச்சு. ஒக்காரு. இந்தா செம்பு, மொதல்ல தண்ணியக் குடி. வறண்ட தொண்டையில வைதா வசவு சரியா விழுகாது.

ஆறு மணிக்குப் போனவன் பத்தரைக்கு வர்ற. டாக்டர் பாத்தது ரெண்டு நிமிஷம்ங்கிற. முதுகுவலின்னு போன ஆளு, ஓட்டை போட்ட இரும்பு நாற்காலியில நாலு மணி நேரம் ஒக்காந்து, கொண்டு போனதை விடப் பெரிய வலியா வாங்கிட்டு வந்திருக்க. குடுத்த பீஸுக்கு நஷ்டமில்ல போ.

'ஏழு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் மாமா, எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட வந்துருவேன்'னு நீ சொல்லிட்டுப் போனப்பவே உன் அத்தை அடுப்படியில சிரிச்சா. தோசை மாவை எடுத்து வெளிய வைக்கவே இல்ல. ஏழு மணின்னு அந்தப் பொண்ணு ஒனக்கு மட்டுமா சொல்லுச்சு? நாப்பத்தேழு பேருக்கும் ஏழு மணிதான். கல்யாணப் பத்திரிகையில ஏழரைக்குள்ள முகூர்த்தம்னு போட்டா அது தாலி கட்டுற நேரம். டாக்டர் சீட்டுல ஏழுன்னு போட்டா அது நீ நாற்காலி பிடிக்கிற நேரம். மெட்ராஸுக்குப் போய் இருவது வருஷத்துல இதெல்லாம் மறந்து போச்சா ஒனக்கு?

கடைமடை சம்சாரி வீட்டுப் பிள்ளை நீ. 1895-ல பென்னிகுக் துரை அணையக் கட்டி, மலையக் குடைஞ்சு, பெரியாத்துத் தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி விட்டாரே, அன்னையில இருந்து மொறைக்குக் காத்துக் கெடந்த சனம்டா நம்ம சனம். பேரணையில திறந்தா கள்ளந்திரி வரைக்கும் இருக்கவனுக்கு இரு போகம். அதுக்குக் கீழ, மேலூர்ப் பக்கம், நமக்கு ஒரு போகம். உங்க தாத்தன் மம்பட்டியத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு வரப்புலயே படுத்துருப்பாரு. தண்ணி வர்ற சத்தம் கேட்டு எந்திரிப்பாரு. 'ஏன் லேட்டு?'ன்னு வாய்க்காலப் பாத்து ஒரு நாளும் கேட்டதில்ல. நீ என்னடான்னா அந்தச் சீட்டுக் குடுக்கிற பொண்ணுகிட்டப் போய் மூணு தரம் மணி கேட்டிருக்க. அதுகிட்டயா மடைச்சாவி இருக்கு?

மடையக் கள்ளத்தனமா ராத்திரியில திறக்கிறவன் வாய்க்கால்லதான் இருப்பான்னு நெனைக்காத. டாக்டர் ரூமுக்குச் சைடுல ஒரு கதவு இருக்கே, அது எதுக்குன்னு நெனைச்ச? 'ரிப்போர்ட்டு மட்டும் காட்டிட்டு வந்துர்றேன்'னு ஒரு ஆளு போவான். அந்த 'மட்டும்' இருக்கே, அது கால் மணி நேரம். போறவன் ரிப்போர்ட்டக் காட்டுவான், அப்படியே மாத்திரையக் கேப்பான், கூட வந்த சம்சாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொல்லுவான், கடைசியில ஊருல இருக்க மாமனாருக்கு இருமலுக்கு என்ன குடுக்கலாம்னு எழுதி வாங்குவான். அதுக்குப் பெறகு டை கட்டுன ரெப்பு ஒருத்தன், ஒரு குடும்பமே குடியிருக்கலாங்கிற மாதிரி பெரிய பையத் தூக்கிக்கிட்டு உள்ள போவான். நாலு மாத்திரை அட்டையக் காமிச்சுச் சிரிப்பான். டாக்டரும் சிரிப்பாரு. அன்னைக்கு ராத்திரி டாக்டர் சிரிக்கிறது அந்த ஒருத்தனப் பாத்துத்தான். நம்மளப் பாத்தா அவருக்கு என்னத்த சிரிப்பு வரும்?

நம்ம வாத்தியாரு பேத்தி ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்குதே, அது லீவுக்கு வந்தப்ப ஒரு கதை சொல்லுச்சு. கதையில்ல, கணக்கு. 1952-ல இங்கிலாந்துல பெய்லின்னு ஒருத்தர் இந்த ஓ.பி. கூட்டத்தையே உக்காந்து கணக்குப் போட்டிருக்காரு. டாக்டர் சும்மா இருக்கக் கூடாது, நோயாளியும் ரொம்பக் காத்துக் கெடக்கக் கூடாது, என்ன வழின்னு. ஆரம்பத்துல ரெண்டு பேரை வரச் சொல்லு, பெறகு ஒரு ஆளைப் பாக்க எம்புட்டு நேரம் ஆகுதோ அம்புட்டு நேரத்துக்கு ஒரு ஆளா வரச் சொல்லுன்னு முடிச்சாரு. எவ்வளவு லேசான வேலை பாத்தியா? நம்ம ஊரு டாக்டருக அந்த ரெண்டுங்கிறத நாப்பத்தேழுன்னு வாசிச்சுப்புட்டாய்ங்க. அவரு ஒரு நிமிஷம் சும்மா இருக்கப்படாதுன்னு நாம ஊரோட சும்மா ஒக்காந்திருக்கோம்.

அதே பிள்ளை இன்னொன்னும் சொல்லுச்சு. 67 நாட்டுல டாக்டர் ஒரு ஆளை எம்புட்டு நேரம் பாக்குறாருன்னு 2017-ல கணக்கெடுத்து எழுதியிருக்காங்களாம். பங்களாதேசுல 48 வினாடி. சுவீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல. எனக்கு அந்தச் சுவீடன்காரனை நெனைச்சாத்தான் ஆச்சரியமா இருக்கு. இருவத்திரெண்டு நிமிஷம் டாக்டர்கிட்ட என்னத்தடா பேசுவான்? மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறதையும் சேத்துப் பேசுவானோ? நம்ம நாட்டுல ரெண்டு நிமிஷமாம். ஆக, இன்னைக்கு ஒனக்குக் கெடைச்சது தேசியச் சராசரி. தேசத்துக்கு விரோதமா நீ ஏன் கோவிக்கிற?

சரி, எல்லா இடமும் இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நாக்கு அழுகிப் போகும். நம்ம மதுரையிலயே, விரல் கோணிப் போன முடக்குவாதத்தோட ஒரு மனுசன், வேலையில இருந்து ரிட்டயர் ஆகி 1976-ல 11 கட்டிலப் போட்டு ஒரு கண்ணாஸ்பத்திரி ஆரம்பிச்சாரு. அரவிந்து ஆஸ்பத்திரி வெங்கடசாமி டாக்டருதான், வேற யாரு. அங்க ஆப்பரேசன் ரூமுல டாக்டருக்கு ரெண்டு மேசை. ஒண்ணுல ஒரு கண்ணு முடியுறப்ப அடுத்த மேசையில இன்னொரு ஆளு தயாராப் படுத்திருப்பான். டாக்டர் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. எனக்கு அந்த மொறையப் பாத்துத்தான் தெரிஞ்சுது, காத்திருக்கிறது விதியில்ல, ஏற்பாடுன்னு. நல்ல நீர்ப்பாய்ச்சி இருந்தா கடைமடைக்கும் தண்ணி போகும். ஆனா ஒன் முதுகுவலி டாக்டருக்கு இருக்கது ஒரு மேசை, அதுலயும் பாதிக்கு மருந்துக் கம்பெனி காலண்டரு.

அது மாறுற வரைக்கும் நீ மாறிக்கோ. அதுக்குத்தான் சொல்றேன், கேட்டுக்கோ. பிரஷரு சர்க்கரைன்னு பதினெட்டு வருஷமா பெஞ்சு தேச்சவன் நான்.

நாலு மணி நேரம் அங்க என்ன பண்ணுன? போனத் தேச்ச. முதுகுவலின்னு போட்டுத் தேடியிருப்ப. எட்டு வியாதி வந்திருக்கும். அதுல அஞ்சாவது ஒனக்குத்தான்னு ஏழரைக்கே முடிவு பண்ணி, எட்டு மணிக்கு வேர்த்து, ஒம்போது மணிக்குப் பிள்ளைகளுக்குச் சொத்து பிரிக்கிற வரைக்கும் போயிருப்ப. உள்ள போனா டாக்டரு, 'தலையணைய மாத்துங்க, குனிஞ்சு தூக்காதீங்க'ன்னு அனுப்பியிருப்பாரு. முகத்தப் பாத்தாலே தெரியுதே!

நான் ஒரு தரம் மாட்டுத்தாவணியில பஸ்ஸ விட்டு எறங்கி, ஷேர் ஆட்டோவுல நசுங்கி, நேரமாச்சேன்னு மாடிப்படி ஏறி ஓடிப் போய்க் கையை நீட்டுனேன். நர்ஸம்மா பட்டையக் கட்டிப் பாத்துட்டு 'நூத்தி எழுபது'ன்னுச்சு. பயந்து போய்ட்டேன். 'டீ குடிச்சீங்களா தாத்தா?'ன்னுச்சு. 'படியில ஏறுறதுக்கு முன்னாடிதான்'னேன். 'போய்க் காலைத் தரையில ஊண்டி, முதுகச் சாச்சு, யார்ட்டயும் பேசாம ஒக்காருங்க'ன்னு வெளிய அனுப்பிருச்சு. எனக்குப் பேசாம ஒக்காருறதுதான் செரமம், ஆனாலும் ஒக்காந்தேன். அரை மணி நேரங்கழிச்சுக் கூப்பிட்டுப் பாத்தா நூத்தி நாப்பது. சும்மா அஞ்சு நிமிஷமாவது ஒக்காந்த பெறகுதான் பிரஷரே பாக்கணுமாம், டீ காப்பி குடிச்சிருந்தா அரை மணி நேரம் போகணுமாம். ஒக்கார வச்சதுல ஒரு மாத்திரை மிச்சம் எனக்கு. நேரா உள்ள விட்டிருந்தா நூத்தி எழுபதுக்கு மருந்து எழுதிக் குடுத்திருப்பாங்க. மறுநாளு கொல்லையில தலை சுத்தி விழுந்து கெடந்திருப்பேன்.

சர்க்கரைக்கு ரத்தம் குடுக்கப் போறதுதான் தந்திரமான சோலி. வெறும் வயித்துல போகணும், எட்டு மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது. இவய்ங்க என்ன பண்ணுவாய்ங்க, ராத்திரி ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துருவாய்ங்க, காலையில பத்து மணிக்குப் போய் வரிசையில நிப்பாய்ங்க. பதினஞ்சு மணி நேரம் பட்டினி! அதுலயும் மாத்திரையப் போட்டுட்டுப் போனவன் இருக்கான் பாரு, வரிசையிலயே கை நடுங்கி வேர்த்து ஒக்காந்துருவான். காலை மாத்திரையப் பரிசோதனைக்கு முன்னாடி போடலாமா கூடாதான்னு முந்துன தரமே டாக்டர்ட்ட கேட்டுரணும். சட்டைப்பையில ரெண்டு மிட்டாய் இருக்கணும். சர்க்கரைக்காரன் மிட்டாயி வச்சிருக்கான்னு உன் அத்தை தேடிப் பிடிச்சு ரெண்டு நாள் பேசல. அது மருந்துன்னு நர்ஸம்மா வந்து சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு. மூணு மாசச் சர்க்கரைன்னு ஒண்ணு எடுக்குறாங்களே, அதுக்குப் பட்டினியே வேண்டாம். இது தெரியாம எத்தனை பேரு கெறங்கிக் கெடக்குறான்!

சாப்பிட்டு ரெண்டு மணி நேரங்கழிச்சு வான்னு சொல்லுவாங்க. அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்து தொடங்குது? மொத இட்லியில இருந்து. நம்ம மேலத்தெரு அம்பலம் கடைசி வடையில இருந்து எண்ணுவாரு. அவருக்கு மொத இட்லிக்கும் கடைசி வடைக்கும் நடுவுல முக்கா மணி நேரம். நாட்டு நடப்பு பேசணும்ல.

ஆனா காத்திருக்கிறதுலயே பெரிய தவம் வயித்து ஸ்கேனுதான். உங்கப்பாவக் கேளு, சொல்லுவாரு. சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். 'நெறையாத் தண்ணி குடிச்சுட்டு, ஒண்ணுக்குப் போகாம இருங்க, கூப்பிடுறோம்'னாங்க. மனுசன் சொன்ன சொல் தட்டாதவரு. ஒரு லிட்டரு பாட்டிலு, பெறகு இன்னொரு அரை. அர மணி நேரத்துல காலுமேல காலப் போட்டாரு. முக்கா மணியில காலை மாத்திப் போட்டாரு. நான் ஏதோ கேட்டா 'ம்'ங்கிறாரு. அதுக்கு மேல வாயத் தொறந்தா ஆபத்துன்னு. எதுத்தாப்புல மீன் தொட்டி. தண்ணி குமிழி விட்டுக்கிட்டே இருக்கு, களகளன்னு. அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்னு செவரப் பாத்துத் திரும்பி ஒக்காந்துட்டாரு. இவரு பேரக் கூப்பிடுறப்ப ஆம்புலன்ஸுல அடிபட்ட பையன் ஒருத்தன் வந்துட்டான், எல்லாரும் அவன்கிட்ட ஓடிட்டாங்க. உங்கப்பா எந்திரிச்சு நின்னாரு. என்னப் பாத்தாரு. கதவப் பாத்தாரு. 'மாமா, மானம் பெருசா ஸ்கேன் பெருசா?'ன்னாரு. 'போங்க மாப்ளே, போயிட்டு வாங்க'ன்னேன். போயிட்டு வந்து மறுபடி ஒண்ணரை லிட்டரு. அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில ஒவ்வொரு ஊருலயும் பஸ்ஸ நிறுத்துன கதைய விட்டுரு. இப்ப எங்க ஸ்கேனுக்குப் போனாலும் அங்க போய், முன்னாடி எத்தனை பேரு இருக்காங்கன்னு கேட்டுட்டுத்தான் பாட்டிலையே தெறப்பாரு. நீயும் அப்படியே பண்ணு.

அந்த அடிபட்ட பையன் முன்னால போனதுக்கு உங்கப்பா ஒரு சொல்லு முணுமுணுக்கல. அதான் சரி. வரிசைங்கிறது ஆளுக்கு இல்ல மருமகனே, நோக்காட்டுக்கு. நீ ஏழு மணிக்கு நேரம் வாங்குனவன், சம்பளம் கூட வாங்குறவன், போன்ல முன்னாடியே டோக்கன் போட்டவன், எல்லாஞ் சரி. ஆனா ஒன் முதுகு நாளைக்கும் வலிக்கும், நாளான்னைக்கும் பாத்துக்கலாம். ஒன்னக் காக்க வைக்கிறாங்கன்னா நீ பொழைச்சுக்குவன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில மட்டும் யாராவது ஒன்ன ஓடி வந்து வரவேத்தா சந்தோசப்படாத.

இதுக்கு எதிர்மாறா ஒரு கூத்து இருக்கு. அவசரமில்லாதவன் மோதுவான், அவசரமானவன் கூச்சப்படுவான். நம்ம அரிசிக்கடைக்காரரு இருக்காரே, மூணு வருஷத்துக்கு முன்னாடி, நெஞ்சப் பெசையுதுன்னு போயி முப்பத்தொண்ணாம் நம்பர் டோக்கன வாங்கிட்டு மரியாதையா ஒக்காந்திருந்தாரு. வாயுவா இருக்கும்னு இஞ்சிச் சோடா ஒண்ணு. இடது கைய நீவி விட்டுக்கிட்டே, பக்கத்துல இருந்த பொம்பளைக்கு நாற்காலிய வேற விட்டுக் குடுத்திருக்காரு. வெளக்குமாறோட வந்த ஆயாம்மாதான், 'என்னங்கய்யா, பேனுக்கு அடியில ஒக்காந்து சட்டை இப்படி நனைஞ்சு கெடக்கு?'ன்னு கேட்டு, பதிலுக்குக் காத்திராம உள்ள பாத்து ஒரு சத்தம் போட்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் அவரு இன்னைக்கு அரிசி அளந்துக்கிட்டு இருக்காரு. ரத்தக்குழாயில ஸ்டென்ட் வச்சிருக்கு. 'ஏய்யா, சொல்ல வேண்டியதுதான?'ன்னு கேட்டா, 'முப்பது பேரு முன்னாடி இருக்காங்கள்ல'ங்கிறாரு. நல்ல மனுசன். நல்ல மனுசனாவே செத்திருப்பாரு.

நெஞ்ச அமுக்குறது, திடீர்னு மூச்சு வாங்குறது, ஒரு பக்கம் வாய் கோணுறது, கை தொங்கிப் போறது, பேச்சுக் கொழறுறது இதுக்கெல்லாம் டோக்கனே கெடையாது. 108-க்கு அடி, இல்லன்னா நேரா கேஷுவாலிட்டி. அங்க போயி சத்தம் போடு. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன், அதுலயும் எவ்வளவுக்கு வெரசாப் போறமோ அவ்வளவுக்கு நல்லது. நீ இன்னைக்கு வீட்ட விட்டுப் போயிட்டு வந்த நேரம்தான் அது, கணக்கு வச்சுக்கோ.

மத்ததுக்கு, அதாவது ஒன்ன மாதிரி ஆளுகளுக்கு, அந்த நாலு மணி நேரமும் ரெண்டு நிமிஷத்த உருட்டிச் சேக்குறதுக்குத்தான். உள்ள போயி நீ என்ன சொன்ன? நான் சொல்றேன் பாரு: 'சார், போன பங்குனிக்கு எங்க ஊருல திருவிழா, கார் ஓட்டிட்டு வந்தேன், ரோடு சரியில்ல, எங்கம்மா கூட...' அதுக்குள்ள ஒரு நிமிஷம் போச்சு. டாக்டரு கை எழுத ஆரம்பிச்சிருச்சு. அந்தக் கை எழுத ஆரம்பிச்சா ரெயிலு பிளாட்பாரத்த விட்டுட்டதுன்னு அர்த்தம். எப்ப இருந்து வலி, எங்க வலி, என்ன பண்ணுனா கூடுது, என்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுற. இம்புட்டுத்தான் அவருக்கு வேணும். வெளிய ஒக்காந்திருக்கப்ப இத ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வை. கால் மரத்துப் போகுதா, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல வித்தியாசம் தெரியுதான்னு அவரு கேட்டாரா? கேக்கலையா? நீ சொன்னியா? அதுவும் இல்ல. அப்படி இருந்தா அத மொத வரியா எழுது.

நம்ம ஆளுககிட்ட ஒரு பழக்கம். சளி, கால் வலி, தூக்கமில்லன்னு எல்லாம் சொல்லி முடிச்சு, சீட்ட வாங்கி, கும்பிட்டு, கதவுப் பிடியில கையை வச்சுக்கிட்டுத் திரும்பி, 'அப்புறம் டாக்டர்... படியேறுனா லேசா நெஞ்சப் பிடிக்குது'ம்பான். அதுக்குத்தாண்டா வந்திருப்பான்! வாய் வராம கடைசி வரைக்கும் உள்ளேயே வச்சிருந்திருப்பான். டாக்டரு பேனாவ மூடியிருப்பாரு, அடுத்தவன் பாதி உள்ள வந்திருப்பான். கதவுகிட்டச் சொல்றத நாற்காலியிலயே சொல்லிப் பழகு.

பெறகு பை. மஞ்சப்பைதான் வேணும்னு சொல்லல. பழைய சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில. 'அந்த வெள்ளை மாத்திரை டாக்டர், சின்னதா வட்டமா இருக்குமே'ன்னு சொன்னா அவரு என்ன குறி சொல்றவரா? உலகத்துல பாதி மாத்திரை வெள்ளையா வட்டமாத்தான் இருக்கு.

இப்ப நீ ஒண்ணு கேக்கணும். கேக்க மாட்ட, ஆனா மூஞ்சியில ஓடுது. 2021 ஆகஸ்டுல மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்ச பெறகு, பிரஷரு சர்க்கரை மாத்திரைய ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குது. திண்ணையில ஒக்கார வச்சுப் பிரஷரும் பாக்குது. அப்படியிருக்க இந்த மாமன் ஏன் இன்னும் மாசம் ஒரு தடவை மதுரைக்கு ஆஸ்பத்திரின்னு கெளம்புறான்?

உன் அத்தை காதுல விழுகாம கிட்ட வா. அந்தப் பொண்ணு தங்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது வந்ததுல எனக்கு ஒரு நஷ்டம். ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுப் போனாத்தான் அப்படியே கறி தோசை, திரும்புறப்ப ஒரு ஜிகர்தண்டா. சர்க்கரைக்காரனுக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? வருஷத்துக்கு ஒரு தரம், போதும், மொறைக்காத. அப்புறம் அந்தப் பெஞ்சு. அலங்காநல்லூர்க்காரரு ஒருத்தரு, திருப்புவனத்துல இருந்து வர்ற கிழவி ஒண்ணு, கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரு. பதினெட்டு வருஷமா வரிசையிலயே பழகுனவங்க. யாராவது ஒரு மாசம் வரலன்னா மனசு கெடந்து அடிச்சுக்கிடும். போன மாசம் அந்தக் கிழவி வரல. அதான் கண்ணக் காட்டிட்டு வர்றேன்னு உன் அத்தைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

ஒனக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்கள்ல? நானும் வர்றேன். காலையில ஆறு மணிக்கு போன் போட்டு டோக்கன் வாங்கணும், அந்த நேரத்துக்கு நீ எந்திரிக்க மாட்ட, அத நான் பாத்துக்கிறேன். சாயங்காலம் நாலரை பஸ்ஸுக்கே போயிருவோம். அந்த வராண்டாவுல நேரா பேனுக்குக் கீழ இருக்க நாற்காலி ரெண்டே ரெண்டுதான்.